தெர்மோஸ்டாட்டும் ஒரு மீசையும்

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வாரமாகப் போன் செய்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டாவது நிமிடமே இருவரும் கத்த ஆரம்பித்திருப்போம். எழுத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன். நீ எழுத்திலும் கத்துவாய் என்று தெரியும், இருந்தாலும்.

அன்று மேட்டுப் பாதையில் நடந்ததை நான் மறக்கவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணியை முன் சீட்டில் உட்காரவைத்து, "செக்கப்புக்கு நான் கூட்டிட்டுப் போறேன், நீ உன் ஆலையைப் பாரு" என்று கிளம்பினாய். பாதி மேட்டில் கார் கொதித்தது. சிமெண்ட் லாரிக்காரர் ஆலைக்கு வந்து சொல்லி, நான் ஓடிவந்து பார்த்தால் பானெட் இடுக்கிலிருந்து ஆவி போகிறது, என் மனைவி வெயிலில் ஒரு கல் மேல் உட்கார்ந்திருக்கிறாள், நீ அவள் தலைக்கு மேல் உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். பயந்துவிட்டேன் அக்கா. அந்தப் பயத்தில்தான் அப்படிக் கத்தினேன். கத்தியதற்கு வருத்தப்படுகிறேன். சொன்ன விஷயத்துக்கு வருத்தமில்லை.

விஷயம் இதுதான். அப்பா அந்தக் காரை நம் இருவருக்கும் பொதுவாக விட்டுப் போனார். முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு என்று சின்ன வயதிலேயே பிரித்தும் வைத்திருக்கிறோம். இன்ஜின் இருக்கும் பாதியின் சொந்தக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், வண்டி முடிந்துவிட்டது. உன் ஊரில் பழைய இரும்பு எடுப்பவரிடம் பேசிவிட்டேன். ஜூன் 25 அன்று வந்து இழுத்துப் போவார்.

பிரசவத்துக்கு நீ வர வேண்டாம். வந்தால் அந்த வண்டியில்தான் வருவாய். நான் ஆலையில் இருக்கும்போது வலி வந்தால் அதில்தான் அவளை ஏற்றுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? முதலில் வண்டி போகட்டும், பிறகு பேசலாம்.

தம்பி

*

ஜூன் 1

மகா கனம் பொருந்திய இன்ஜினியர் ஐயாவுக்கு, பின்பாதியின் சொந்தக்காரி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. எழுத்தில் கத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாய், ஆகவே கத்துகிறேன்.

யாரடா நீ என்னை வர வேண்டாம் என்று சொல்ல? உன் வீட்டுக்காரிக்கு அம்மா இல்லை. மூன்றாம் மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல" என்றாள். நான் பிரசவ வார்டில் நர்ஸ். ஊரில் உள்ளவர்களின் குழந்தைகளையெல்லாம் முதலில் தொட்டுத் தூக்கியது இந்தக் கை. என் தம்பி குழந்தைக்கு மட்டும் இந்தக் கை ஆகாதோ? உன் வரியைப் படித்துவிட்டு வார்டில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிப் போய் அழுதுவிட்டு வந்தேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்க மனமில்லை.

பஸ்ஸில் வரலாம் என்பாய். வரமாட்டேன். உன் பயம் காரைப் பற்றியது என்றால் அந்தக் காரிலேயே வந்து அந்தப் பயத்தைத் தீர்க்கிறேன். இல்லையென்றால் ஆயுள் முழுக்க, "அக்காவா, அவ வண்டி நடுவழியில கொதிச்சுதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய்.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒர்க்‌ஷாப்காரர் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டார், சுட்டது. கீழ் ஹோஸைத் தொட்டார், குளிர்ந்திருந்தது. உடனே சொல்லிவிட்டார்.

"தெர்மோஸ்டாட் மூடினபடியே மாட்டிக்கிச்சும்மா. இன்ஜின் சூடானா அது திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடணும். உங்களுது திறக்கல. சாமான் என்னவோ பாட்டில் மூடி அளவுதான். ஆனா அது உட்கார்ந்திருக்கிற இடம் இருக்கே..."

இன்ஜினுக்குப் பின்னால், காரின் உள்சுவரை ஒட்டி, குழாய்களுக்கெல்லாம் அடியில். அவர் தன் கையைக் காட்டினார், முறம் மாதிரி கை. "இது அங்க போகாது. இன்ஜினையே இறக்கணும். இந்த வண்டிக்கு அவ்வளவு வேலை வேணாம்மா."

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. விரலில் இரண்டு போல்ட் தட்டுப்பட்டது. அவர் வந்து பார்த்துவிட்டு, "தொட்டாப் போதுமா? கண்ணே தெரியாத இடத்துல எப்படிக் கழட்டுவீங்க?" என்றார்.

"நான் தினமும் கண் தெரியாத இடத்துலதாங்க வேலை பார்க்கிறேன்" என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் டீயைத் தரையில் வைத்துவிட்டார்.

புது தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டேன். வீட்டு வாசலிலேயே நானே மாற்றப்போகிறேன். இரும்புக்காரரிடம் சொல்லி வை.

அக்கா

*

ஜூன் 5

அக்கா,

உன் கடிதத்தை ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்தவர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார். உனக்குக் கோபம் வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீ வார்டில் அழுதாய் என்ற வரியில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்த இடத்துக்குள் அப்பா கையே போனதில்லை. ஒரு தடவை முயன்று, மணிக்கட்டு மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்து எடுத்தோமே, நினைவில்லையா? நீதான் ஊற்றினாய். கை போவது வேறு, போன இடத்தில் கை வேலை செய்வது வேறு. அங்கே ஸ்பேனரைத் திருப்ப இடமில்லை. நான் ஆலையில் ஆளுயர வால்வுகளைப் பார்க்கிறவன், நானே அதைத் தொடமாட்டேன்.

நீ தலைகீழாக நின்றாலும் அது நடக்காது. நடந்து, அந்த வண்டியை நீயே ஓட்டி மேடேறி என் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், என் மீசையை எடுத்துவிடுகிறேன். உன் வீட்டுக்காரி உன் வீட்டுக்காரி என்கிறாயே, அவள் பக்கத்தில் இருந்து இதைப் படித்துவிட்டாள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறாளாம். கீழே பார்.

ஒன்று மட்டும் கேள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட்டை முழுக்க வடித்துவிட்டு வேலையை ஆரம்பி, வடித்ததைத் தரையில் விடாமல் வாளியில் பிடி, நாய் பூனை நக்கினால் செத்துவிடும். பேட்டரி வயரைக் கழற்று. இதெல்லாம் நீ செய்யப்போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறேன்.

தம்பி

அண்ணி, மீசை விஷயம் உண்மை. நான் சாட்சி. சீக்கிரம் வாங்க. மீசையில்லாம அவரைப் பார்க்க ஆசையா இருக்கு.

*

ஜூன் 12

தம்பி,

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கும். முதலில் அதைப் பிரி. பிரித்துவிட்டாயா? ஆம், அதேதான். நீ கை வைக்க மாட்டேன் என்ற இடத்திலிருந்து வந்திருக்கிறது.

எப்படி என்று கேட்க மாட்டாய், ஆகவே நானே சொல்கிறேன். சனிக்கிழமை லீவு போட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர் டார்ச் பிடிக்க வந்தார். நீ சொன்னதையெல்லாம் செய்தேன், இதைப் படித்து நீ ஏமாறுவாய் என்பதற்காகவே செய்தேன். கூலன்ட் வாளியில், பேட்டரி திண்டில். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கியதும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான்.

ஸ்பேனர் திரும்பவில்லை. அதில் நீ சொன்னது சரி. நீ இங்கே விட்டுப்போன ஸ்பேனர் செட்டில் பத்தாம் நம்பரை எடுத்து இரும்பறுக்கும் ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டேன். கட்டை விரல் நீளத்துக்கு வந்தது. அழாதே.

அதன் பிறகும் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் டார்ச்சை இந்தப் பக்கம் அடிப்பார், நான் குனிந்து பார்ப்பேன், பார்த்தால் கை மறைக்கும், கையை எடுத்தால் இடம் தெரியும், ஆனால் கை அங்கே இருக்காது. கடைசியில், "டீச்சர், டார்ச்சை அணைச்சிடுங்க. கண்ணு பார்த்துக்கிட்டு இருந்தா கை கேட்க மாட்டேங்குது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு முழங்கை வரை சோப்பு பூசிக் கையை விட்டேன். வார்டில் செய்வது போலத்தான். அவசரப்படாமல், விரல் நுனி சொல்வதைக் கேட்டுக்கொண்டு. இது ஹோஸ், இது கிளிப், இது போல்ட்டின் தலை, இது அதன் ஆறு முனை. ஸ்பேனரை மாட்டினேன். ஒரு பல் அளவு திரும்பியது. எடுத்து மறுபடி மாட்டினேன். இன்னொரு பல். டீச்சருக்குச் சும்மா நிற்க முடியாமல் ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த ராகம் முடிவதற்குள் முதல் போல்ட் வந்துவிட்டது.

இரண்டாவது போல்ட் வந்தது, கையை விட்டும் போனது. தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அப்படியென்றால் உள்ளேயே எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அலமாரிக் கதவின் காந்தத்தைப் பிடுங்கி, ஹேங்கர் கம்பியில் கட்டி, மீன் பிடிப்பது போல விட்டுத் தேடினேன். மூன்றாவது தடவை 'டிக்' என்றது. டீச்சர் கை தட்டிவிட்டார். தெருவில் போனவர்கள் என்ன என்று நின்று பார்த்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் போகாமல் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் கூடக் கையை விடவில்லை.

பழையதையும் புதியதையும் நூலில் கட்டிப் பால் காய்ச்சும் பாத்திரத்தில் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். புதியது மெதுவாக வாயைத் திறந்தது. பழையது கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே இருந்தது. பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது, அதனால்தான் உனக்கே அனுப்புகிறேன்.

மாட்டும் வேலை அடுத்த லீவில். உன் வீட்டுக்காரிக்குக் கால் வீங்குகிறதா என்று எழுது. உப்பைக் குறைக்கச் சொல். மீசையை எண்ணெய் போட்டு நன்றாக வளர்த்து வை.

அக்கா

*

ஜூன் 16

அக்கா,

பொட்டலம் கிடைத்தது. பத்தாம் நம்பரை அறுத்தாயா! அது என் முதல் சம்பளத்தில் வாங்கிய செட். சரி, போகட்டும்.

அந்தச் சாமானை மேசை மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நம்பாமல் நானும் அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. நீ சொன்னது சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று சவரக் கண்ணாடியைத் துடைத்து வைத்ததுதான் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கழற்றுவது யாருக்கும் வரும். மாட்டுவதில்தான் விஷயம். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். இணைப்பில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைத் துளி விடாமல் சுரண்டி எடு, இல்லையென்றால் ஒழுகும். போல்ட்டை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. நான் உனக்கு உதவி செய்யவில்லை. ஆலையில் கற்றுக்கொண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குக் கால் வீங்குகிறது. உப்பைக் குறைத்தாயிற்று. போன வாரம் டாக்டர், "தலை கீழ இருக்கு, எல்லாம் நல்லபடியா இருக்கு" என்றார். அவள் இரண்டு நாளாக ராத்திரியில் தூங்குவதில்லை. என்ன பயம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள் அக்கா. உன்னிடம் சொல்வாளாயிருக்கும்.

இரும்புக்காரர் 25 அன்று வருவது உறுதி. அதை நான் மாற்றவில்லை.

தம்பி

*

ஜூன் 22, மாலை, பஸ் டிரைவர் கையில்

தம்பி,

தோற்றுவிட்டேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

நேற்று மாட்டி முடித்தேன். ஸ்பிரிங் இன்ஜின் பக்கம், கேஸ்கெட் சுத்தம், போல்ட் மாற்றி மாற்றி, எல்லாம் நீ சொன்னபடி. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கூலன்ட் ஊற்றி, டீச்சரை உட்காரவைத்து, வெற்றி ஊர்வலம் போல மார்க்கெட் வரை போனேன். பாலம் ஏறும்போது சூட்டு முள் நகர ஆரம்பித்தது. பாலத்தின் உச்சியில் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, நிறுத்தி நிறுத்தித்தான் வீடு வந்து சேர்ந்தோம். டீச்சர் வழியெல்லாம் பாடவே இல்லை.

இன்று காலையில் பார்த்தால் உன் இரும்புக்காரர் வாசலில் நிற்கிறார். முன்கூட்டியே பார்த்துப் போக வந்தாராம். கதவைத் தட்டிப் பார்த்தார், டயரை உதைத்தார். "நல்ல கனமான இரும்பும்மா" என்றார். அப்பாவின் காரைப் பார்த்து அந்த வார்த்தை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போனில் கேட்கலாம். கேட்க மாட்டேன். என் குரல் உடைவது உனக்குத் தெரிந்துவிடும். ஆகவே எழுத்திலேயே கேட்கிறேன், தம்பி, நான் என்ன தப்பு செய்தேன்? நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை, சின்ன வயதில் கணக்குக்கூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

எல்லாவற்றையும் சொல்கிறேன், எதிலாவது உனக்குப் பிடிபடும். முள் ஏறும்போது ஹீட்டரைப் போட்டேன், அதில் குளிர்ந்த காற்றுதான் வந்தது. கூலன்ட் ஊற்றும்போது வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பிடித்தது. புது தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஆடுகிற ஒரு குட்டி ஊசி, கம்மலில் தொங்கும் மணி மாதிரி. அந்த ஊசியைக் கீழ்ப்பக்கமாக வைத்துத்தான் மாட்டினேன். பெட்டியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தலை கீழே இருப்பதுதானே நல்லது என்று என் கை தானாகவே அப்படித் திருப்பி வைத்தது. வேறெதுவும் நினைவில்லை.

25 அன்று நான் காலை வார்டில் இருப்பேன். இழுத்துப்போவதை நான் பார்க்க வேண்டாம். உன் வீட்டுக்காரியிடம் அண்ணி வரவில்லை என்று நீயே சொல்லிவிடு. என்னால் முடியாது.

அக்கா

*

ஜூன் 23, காலை, அதே பஸ் டிரைவர் கையில்

அக்கா! ஊசி மேலே!

பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறார், வேகமாக எழுதுகிறேன். அந்தக் குட்டி ஊசி காற்று போகும் வழி. காற்று மேலே ஏறும், தண்ணீர் கீழே தங்கும். ஊசி உச்சியில் இருந்தால்தான் உள்ளே மாட்டிய காற்று வெளியேறும். நீ கீழே வைத்ததால் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் காற்று அடைத்துக்கொண்டது. சூடான தண்ணீர் அதைத் தொடவே இல்லை, பிறகு அது எப்படித் திறக்கும்? கூலன்ட் குறைவாகப் பிடித்தது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தது, எல்லாம் அதனால்தான். வேறொன்றும் கெடவில்லை.

பிரசவ வார்டில் தலை கீழே. காரில் தலை மேலே. உலகத்தில் உன்னைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். படித்தவுடன் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மறுபடி கழற்று, ஊசியை உச்சிக்குத் திருப்பு. முன் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி முகத்தைத் தூக்கி வை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஓடவிடு, ஹீட்டர் முழு வேகத்தில். குமிழி வந்துகொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இரு. குமிழி நிற்கும், ஹீட்டரில் சூடான காற்று வரும். அதன் பிறகுதான் மூடியைப் போடு.

போனை எடுத்தேன். நீ எழுதியதை நினைத்து வைத்துவிட்டேன். உன் குரலும் உடைய வேண்டாம், என் குரலும் உடைய வேண்டாம். இரும்புக்காரரிடம் பேசிவிட்டேன். 25 அன்றும் வரமாட்டார், அதற்குப் பிறகும் வரமாட்டார். அவருக்கு என் மேல் கோபம், இருக்கட்டும்.

அண்ணி வரவில்லை என்று அவளிடம் நான் சொல்ல மாட்டேன். நீ வா.

தம்பி

*

ஜூன் 24, அதே பஸ் டிரைவர் கையில்

தம்பி,

ஊசி மேலே. முள் நடுவில்!

இரண்டாம் தடவை கழற்றி மாட்ட, போன தடவை எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. கைக்கு வழி தெரிந்துவிட்டது. தலைகீழாக மாட்டிய குழந்தையைத் திருப்பி வைத்தேன் என்று டீச்சரிடம் சொன்னேன், அவருக்குச் சிரிப்பில் டார்ச் கீழே விழுந்தது. குமிழி குமிழியாக வந்தது பார், காருக்கு ஏப்பம் விடத் தெரியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. கூலன்ட் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஹீட்டரில் சூடான காற்று! இந்த வெயிலில் கதவையெல்லாம் சாத்திக்கொண்டு, வேர்த்து ஊற்ற, நானும் டீச்சரும் உள்ளே உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தோம். தெருவில் யோசனை சொன்னவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அதே பாலத்தில் ஏறி இறங்கினேன். ஒரு தடவை போதாது என்று நாலு தடவை. முள் ஆடவில்லை அசையவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் வேண்டுமென்றே ஹாரன் அடித்து நிறுத்தினேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "இந்த மாடல் இன்னும் ரெண்டு வண்டி வந்து நிக்குதும்மா" என்றார். வார்டை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக் காலை கிளம்புகிறேன். வாசலில் இடம் விட்டு வை. பிளேடு புதியதா என்று பார்த்துக்கொள்.

நீ இரும்புக்காரரை நிறுத்தியது கார் ஓடுவதற்கு முன்னாலேயே. அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்காதே.

அக்கா

*

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இப்போதெல்லாம் போனை முதல் மணியிலேயே எடுக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ பேசிவிடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும்.

நீ வந்து இறங்கிய அன்று நான் குளித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். பொய். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வண்டியை நிறுத்தினாய், இறங்கவில்லை, சூட்டு முள்ளைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாய், பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாய். என் வீட்டுக்காரி அந்த வயிற்றோடு அப்படி ஓடுவாள் என்று நான் நினைக்கவில்லை. அன்று ராத்திரிதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மற்றொன்று எனக்குத் தெரியாமல் இருந்தது. ஜூன் 29ஆம் தேதி வழியில் நடந்ததை அவள் எனக்குப் போன வாரம்தான் முழுதாகச் சொன்னாள். நான் ஆலையில் இருந்தேன், பாய்லர் நின்றுபோனதால் வெளியே வர முடியவில்லை. நான் எழுதிய அதே மாதிரி ஆனது. எனக்கு வேலை நேரம், அவளுக்கு வலி, உன் கையில் அந்த வண்டி. மேட்டில் பாதி ஏறியதும் முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டது என்றாள். பின்னால் வரிசை, முன்னால் வரிசை, இன்ஜின் ஓடியபடியே நின்றீர்களாம், மே மாதம் வண்டி கொதித்தபோது அவள் உட்கார்ந்த அதே கல்லுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு வலி வரும்போதும் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அது நடுவுலயே இருந்துச்சுங்க. அது அசையாம இருந்ததால நானும் தாங்கிக்கிட்டேன்" என்றாள். நீ ஒரு கையை அவளிடம் கொடுத்துவிட்டு, மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, டீச்சரின் ராகத்தை அபஸ்வரமாகப் பாடினாயாம். வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது முதலில் பார்த்தது வாசலில் நின்ற காரைத்தான். உள்ளே போகாமல் பானெட் மேல் கையை வைத்தேன். லேசாகச் சூடு, ஒரு பிள்ளையின் நெற்றி மாதிரி. அதற்குள் ஜன்னலிலிருந்து நீ, "டேய், அங்க என்னடா பண்றே, உன் பொண்ணு இங்க இருக்கா!" என்று கத்தினாய். அந்தக் கத்தலைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

பயம் கண்ணை மறைத்து உன்னை வர வேண்டாம் என்று எழுதினேன். நீ வராமல் இருந்திருந்தால் அன்று அவள் வீட்டில் தனியாக இருந்திருப்பாள். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு அக்கா.

மீசை போனதில் ஆலையில் ஒருவரும் என்னை மதிப்பதில்லை. கேட்டில் காவலாளி அடையாள அட்டை கேட்கிறார். ஆனால் என் மகள் மீசையுள்ள என்னைப் பார்த்ததே இல்லை, அதனால் அவள் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. இனி வளர்த்தால் யாரோ என்று பயந்து அழுவாள் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். நீங்கள் இருவரும் சேர்ந்து என்னை இப்படியே வைத்துவிடப் பார்க்கிறீர்கள்.

கடைசியாக, கார் விஷயம். முன்பாதியை உனக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். கொடுக்க மாட்டேன். இன்ஜின் இருக்கும் பாதியை என் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். இனி நீ வண்டியில் எதைத் தொட்டாலும் அவளைக் கேட்டுத்தான் தொட வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனரின் அறுத்த துண்டை அனுப்பி வை, அவளுக்காக எடுத்து வைக்கிறேன்.

இன்று மத்தியானம் அவள் தூங்கும்போது விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். நீளமான விரல், ஒல்லியான மணிக்கட்டு. அப்பா கை இல்லை, என் கையும் இல்லை. அக்கா, அது உன் கை. அந்த இடத்துக்குள் தாராளமாகப் போகும்.

தம்பி